கினி பிக்குக்குச் சளியா? சிரப்பின் பெட்டியை முதலில் படியுங்கள்

எங்கள் கினி பிக் சுண்டு நிமோனியாவிலிருந்து பிழைத்துவிட்டான். இருந்தாலும் முதலில் போன கிளினிக்கை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

புல் தூசிக்கு எப்போதாவது தும்மினால் பரவாயில்லை. கண்ணில் பால் மாதிரி ஒரு துளி வருவதும் சகஜம், அதை வைத்துத்தான் முகம் துடைத்துக்கொள்ளும். மூக்கைச் சுற்றிப் பொருக்கு, மூச்சுக்கு மூச்சு விலா குழிவது, கொத்தமல்லியை நீட்டினாலும் முகத்தைத் திருப்புவது, இதெல்லாம் தெரிந்தால் அன்றே கிளம்புங்கள். முடியாமல் போகிறவரை நோயை மறைக்கிற பிராணி இது.

போனில் கேட்டபோது, "எல்லா பெட்டும் பார்ப்போம் சார், வாங்க" என்றார்கள். போனால் டாக்டர் நாய், பூனைக்கானவர். ஸ்டெதஸ்கோப்பைச் சும்மா ஒரு தடவை வைத்துவிட்டு, குழந்தைகளுக்குக் கொடுக்கிற சிரப்பை எழுதினார். சீட்டில் பிராண்டு பெயர் மட்டும். மருந்துக் கடையில் வாங்கிப் பெட்டியின் பொடி எழுத்தைப் பார்த்தால் அமாக்சிசிலின்! பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி, அதன் நஞ்சே உயிரை எடுத்துவிடும். திரும்பப் போன் செய்தேன். "முயலுக்கே கொடுத்திருக்கோம், ஒண்ணும் ஆகாது" என்று பதில். முயலுக்கும் அது ஆகாது என்பதை யார் போய்ச் சொல்வது?

அதனால் 'கினி பிக் பார்ப்பீர்களா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'சளிக்கு என்ன ஆன்டிபயாடிக் கொடுப்பீர்கள்' என்று கேளுங்கள். அடுத்துக் கிடைத்த டாக்டர் தயங்காமல் என்ரோஃப்ளாக்சசின் என்றார். எக்ஸ்ரே, எடைக்கேற்ற அளவு, நெபுலைசர், எல்லாம் மளமளவென்று முடிந்தது.

நிஜமான பாடு வீட்டில்தான். சாப்பிடாமல் விட்டால் குடல் நின்றுவிடும், அப்புறம் சளியைவிட அது பெரிய தலைவலி. பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில், முன்பல்லுக்குப் பின்னால் கன்னத்து இடைவெளி வழியாகத் துளித்துளியாகக் கொடுத்தோம். மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை. அவன் மெல்லுகிற மாதிரி நடிப்பான், தராசை ஏமாற்ற முடியாது.

வைட்டமின் சி-யை அதன் உடம்பு நம்மைப் போலவே தானாகத் தயாரிக்காது. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், காசுக்குக் கேடு. டாக்டர் சொன்ன அளவை நேராக வாயில் விட்டோம். கசப்பு மருந்துக்குப் பிறகு நாக்குக்கு இதமாகத் துளி கொய்யாக் கூழ்.

வீட்டில் நாயோ முயலோ உண்டா என்று டாக்டர் கேட்டார். நிமோனியா தரும் போர்டெடெல்லா கிருமி அவற்றின் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்குமாம். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. ஆனால் சுண்டுவை வாங்கிய கடையில் முயல் கூண்டுக்கு அடியில்தான் கினி பிக் கூண்டு. அங்கிருந்து வந்ததென்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்குச் சந்தேகம் போகவில்லை.

பிரிட்ஜ் கதவைத் திறந்ததும் 'வீக் வீக்' என்று கத்த ஆரம்பித்தால் மருந்தை நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த நாள் முடியட்டும், மறுபடி ஒருமுறை நெஞ்சைக் காட்டிவிட்டு வாருங்கள்.