ஸ்காக்வேயில் ஒரே ஒரு நாள் இருந்தால்

அலாஸ்காவின் ஸ்காக்வேயில் கப்பலை விட்டு இறங்குகிறவர்களில் பலர் பிராட்வே தெரு நகைக்கடைகளைத் தாண்டுவதே இல்லை. க்ளாண்டைக் தங்க வேட்டை தேசிய வரலாற்றுப் பூங்காவில் அந்தத் தெரு ஒரு துண்டுதான். 1890களின் கடைசியில் கனடாவின் க்ளாண்டைக்கில் தங்கம் தேடிப் போன பலர் இந்த வழியாகப் போனார்கள். பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் தகவல் மையத்துக்கு அரை மணி, மாஸ்காட் சலூனுக்குக் கால் மணி ஒதுக்கினால் போதும். மிச்ச நேரத்தை டையீக்குக் கொடுங்கள்.

டையீ அங்கிருந்து 9 மைல். சாலை குறுகல், பெரும்பகுதி சரளைக்கல். போய்ச் சேர்ந்தால் கடை கிடையாது. தண்ணீர், சாப்பாடு, மழைச்சட்டை எல்லாம் கையோடு வேண்டும். 1898இல் ஆயிரக்கணக்கானோர் இருந்த ஊர் இது. இன்று காட்டுக்குள் முட்டுக்கொடுத்து நிற்கும் ஒரு பலகை முகப்பு, சேற்றுவெளியில் வரிசையாகத் துறைமுகக் கட்டைகள், அவ்வளவுதான். கட்டைகளைப் பார்க்கக் கடல் வற்றும் நேரம் தெரிந்து போங்கள். ஊர் அழிந்த கதையும் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது: ஆழமில்லாத கரை என்பதால் சரக்கைச் சேற்றிலேயே இறக்கி, அடுத்த கடல் ஏற்றத்துக்குள் மேலே இழுத்தாக வேண்டும். ஆழத் துறை ஸ்காக்வேக்கு இருந்தது. 1898இல் ரயில் வேலையும் அங்கேயே தொடங்கியது; டையீ காலியானது.

பக்கத்தில் பனிச்சரிவு இடுகாடு. மரப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்: பலவற்றிலும் ஒரே தேதி, 1898 ஏப்ரல் 3.

சில்கூட் பாதை இங்கேதான் தொடங்குகிறது. இப்பகுதிப் பழங்குடிகளான டிளிங்கிட் மக்களின் பழைய வணிகவழி அது. கனடாவின் பென்னட் ஏரி வரை 33 மைல். தங்கம் தேடி வந்தவர்கள் கனடாவுக்குள் நுழைய ஒரு வருட உணவு காட்டவேண்டும் என்றது அந்நாட்டுக் காவல்படை. கருவிகளும் சேர்ந்தால் மூட்டை ஏறக்குறைய ஒரு டன். தடவைக்கு 50 பவுண்ட் சுமந்தால் அதே கணவாயை 40 முறை ஏறவேண்டும்! அடிவாரத்துக்கு 'தராசு' என்றே பெயர். சுமை தூக்குபவர்கள் மூட்டையை அங்கே மறுபடி எடைபோட்டு, கூலியை ஏற்றுவார்கள். அதற்கு மேல் பனியில் வெட்டிய 1,500 படிகள். வரிசையை விட்டு விலகினால் திரும்ப நுழைவது லேசல்ல.

முழுப் பாதைக்கு 3 முதல் 5 நாள் ஆகும். இரவு தங்க அனுமதிச் சீட்டும், எல்லை தாண்டப் பாஸ்போர்ட்டும் கட்டாயம். அமெரிக்கப் பக்கம் வெள்ளத்தால் சில பகுதிகள் மூடப்பட்டதுண்டு, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பலர் தவறுவது கணவாய்க்கு முந்தைய முகாமான ஷீப் கேம்ப்பில்தான்: அங்கிருந்து விடிகாலையிலேயே ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும், சரிவு அபாயம் கூடும். ஒரு நாள் மட்டும் என்றால் அமெரிக்கப் பக்கத்தில் முதல் ஓரிரு மைல் நடந்து திரும்பலாம். அதற்குச் சீட்டு வேண்டாம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே செங்குத்தான ஏற்றம்.

துருப்பிடித்த டப்பாவோ தேய்ந்த செருப்பின் அடியோ கண்ணில் பட்டால் தொடாமல் விடுங்கள். அது குப்பை இல்லை, பூங்காவின் சொத்து. ஒரு ஆணியை எடுத்தாலும் குற்றம்தான்.