ஃபார்ம்வேர் போய்விட்டது என்றார்கள், போனது ஒரு கெப்பாசிட்டர்

இண்டக்‌ஷன் அடுப்பில் எர்ரர் கோடு வந்து, யாராவது உங்களிடம் "ஃபார்ம்வேர் கரப்ட் ஆயிடுச்சு, போர்டு மாத்தணும்" (அதாவது அடுப்பை இயக்கும் சிப்புக்குள் இருக்கும் மென்பொருள் கெட்டுவிட்டது) என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மேசையில் வைக்கிற ஒற்றை அடுப்பு. வாரன்டி முடிந்து சில மாதங்கள்தான் ஆகிறது. காலையில் முதல் தடவை ஆன் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும், உடனே டிஸ்ப்ளேயில் 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் வந்து பீப் அடித்து நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி மாட்டினாலும் அதேதான். ஆனால் சுவிட்சை அணைக்காமல் ஸ்டாண்ட்பையிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அப்புறம் அழுத்தினால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும், அன்று முழுக்க ஓடும். இந்தக் 'குளிர்ந்திருந்தால் வரும், சூடானால் போகும்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் விடை அதில்தான் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

கையேட்டில் அந்த எண்ணுக்கு நேராக "உள் கோளாறு, சர்வீஸை அணுகவும்" என்பதோடு சரி. இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாக வருகிறது, ஆனால் நம்பாதீர்கள். ஒரே எண் ஒரு கம்பெனியில் மின்னழுத்தம் அதிகம் என்று அர்த்தம், இன்னொன்றில் சென்சார் அறுந்தது என்று அர்த்தம். அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணுக்கு உரிய பட்டியல் கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸுக்கு போன் செய்து எண்ணைச் சொன்னேன். "அது ஃபார்ம்வேர் எர்ரர் மேடம், மெமரி ரீட் ஆகல. கன்ட்ரோல் போர்டு மாத்தணும்" என்று பதில் வந்தது. எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று ஒரு கேள்விகூட இல்லை. நானாகச் சொன்னபோதும், "எங்க சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் காட்டுது" என்றுதான் சொன்னார்.

வந்த டெக்னீஷியன் மத்தியானம் வந்தார். அடுப்பு அதற்குள் சூடேறி ஒழுங்காக ஓடியது. 'குறை காணப்படவில்லை' என்று ஜாப் ஷீட்டில் எழுதி, வந்து போனதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் கோடு வரும்போதே வீடியோ எடுத்து வையுங்கள், பட்டனை அழுத்துவதிலிருந்து பீப் வரை ஒரே ஓட்டமாக. அதற்கப்புறம் நான் எடுத்த வீடியோ இல்லையென்றால் அவர்கள் அடுத்த ஆளையே அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்து வந்தவர் டிஸ்ப்ளே போர்டை மாற்றினார், போனில் கன்ட்ரோல் போர்டு என்று சொன்னது இதைத்தான். முழு விலை. மறுநாள் காலை அழுத்தினேன், ஃபேன் சுற்றியது, அதே கோடு, அதே பீப்.

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த மாடலில் அடுப்பை இயக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரும் அதன் மெமரி சிப்பும் டிஸ்ப்ளே போர்டில்தான் இருக்கின்றன. அடியில் இருப்பது பவர் போர்டு, இரண்டையும் ஒரு ரிப்பன் கேபிள் இணைக்கிறது. ஆக, புது போர்டு என்றால் புது சிப், புது மெமரி, புது ஃபார்ம்வேர். அதிலும் அதே கோடு வந்தால் ஃபார்ம்வேர் மேல் பழி போடவே முடியாது. இதைத்தான் போனில் சொன்னேன். "புது போர்டும் கரப்ட் ஆயிருக்கலாம் மேடம், பவர் போர்டையும் சேர்த்து மாத்திடலாம்" என்றார்கள். இரண்டு போர்டையும் மாற்றும் காசுக்குக் கிட்டத்தட்ட புது அடுப்பே வந்துவிடும். அன்றோடு அவர்களை விட்டுவிட்டேன்.

தெரிந்த ஒருவர் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்கிறவர். அவரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "காலையில மட்டும் வருதாம்மா?" என்பதுதான். எனக்கு அங்கேயே பாதி நிம்மதி.

அவர் விளக்கியது இது. ஆன் செய்ததும் சிப் தன் மெமரியில் இருக்கும் அளவுகளைப் படித்து, கூட்டிச் சரிபார்க்கும். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கோடு. அந்தக் கோடு 'படித்தது ஒத்துவரவில்லை' என்று மட்டும்தான் சொல்கிறது, ஏன் என்று அதற்கே தெரியாது. படிக்கும் நொடியில் 5 வோல்ட் சப்ளை சரிந்தால் நல்ல மெமரியிலிருந்தும் குப்பைதான் வரும். ஃபேனுக்கும், அடுப்பின் காயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் ஐஜிபிடி என்ற பவர் சுவிட்சை ஓட்டுவதற்கும் 18 வோல்ட், சிப்புக்கு 5 வோல்ட், இரண்டையும் தருவது பவர் போர்டில் உள்ள ஒரே சிறிய சப்ளை. ஃபேன் கிளம்பும்போது அது ஒரு இழுப்பு இழுக்கிறது, அந்த நேரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டியது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது தரும், உள்ளே திரவம் உள்ள ஒரு சிறு பாகம். அது காய்ந்துபோனால் உள் தடை ஏறிவிடும், குளிரில் இன்னும் அதிகம், சூடானால் குறையும். காலையில் மட்டும் வந்த மர்மம் அவ்வளவுதான்.

மல்டிமீட்டரில் 5 வோல்ட் சரியாகத்தான் காட்டியது, ஏனென்றால் கண்ணிமைக்கும் சரிவை அது காட்டாது. மின்னழுத்தம் நொடிக்கு நொடி மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தபோது, ஃபேன் கிளம்பும் இடத்தில் திரையின் வரி பள்ளமாகக் கீழே இறங்குவதை நானே பார்த்தேன். கெப்பாசிட்டர் பார்வைக்கு உப்பக்கூட இல்லை, காலருகே லேசான பழுப்புக் கறை மட்டும். இன்னொரு சோதனையும் செய்து காட்டினார். பிளக்கைக் கழற்றிவிட்டு ஹேர் டிரையரால் அந்த ஒன்றை மட்டும் சூடாக்கி, மூடி மாட்டி ஆன் செய்தார். கோடு வரவில்லை. ஆறவிட்டு மறுபடி போட்டார், வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மாற்றியது 220 மைக்ரோஃபாராட், 25 வோல்ட், 105 டிகிரி வகை. 85 டிகிரி வகை போடாதீர்கள், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் பக்கத்தில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். விலை சில்லறைக் காசு. அன்றிலிருந்து எந்தக் குளிர்ந்த காலையிலும் கோடு எட்டிப் பார்க்கவில்லை.

நீங்களே திறக்க நினைத்தால் ஒன்று. 230 வோல்ட் லைனில், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு அப்புறம் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே போய்விடாது, கொஞ்ச நேரம் காத்திருந்து மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். உள்ளே இருக்கும் 5 வோல்ட்டும் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாததாக இருக்கலாம், பல அடுப்புகளில் ஹீட்சிங்க்கிலேயே கரன்ட் இருக்கும். திறந்தபடி பிளக் போட்டு அளக்கும் வேலையெல்லாம் வீட்டு லைனிலிருந்து அடுப்பைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும். வாரன்டியில் இருந்தால் திறக்கவே வேண்டாம்.

பிளக்கைக் கழற்றிய நிலையில் நீங்கள் பார்க்கக்கூடியவை: ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், கரப்பான் எச்சமோ ஈரமோ இருந்தால் சுத்தம் செய்யுங்கள், கண்ணாடிக்கு அடியில் உள்ள வெப்ப சென்சாரின் தடையை மீட்டரில் அளந்து பாருங்கள். பெரும்பாலான அடுப்புகளில் அது சாதாரண அறை வெப்பத்தில் 100 கிலோ ஓம் பக்கம் காட்டும், விரலால் பிடித்தால் குறைய வேண்டும். குறையாமல் அசையாமல் நின்றால் சென்சார் காலி. மின்னழுத்தம் சார்ந்த கோடு என்றால், மெயின்ஸை அளந்து சொல்லும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்கள் மதிப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

"சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணித் தர்றோம்" என்று சொன்னாலும் எதை எப்படிச் செய்வார்கள் என்று கேளுங்கள். சாதாரண அடுப்புகளில் ஃபார்ம்வேர் தொழிற்சாலையிலேயே ஏற்றப்படுகிறது, அப்டேட் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் போர்டு மாற்றுவதைத்தான். மாற்றினால் பழைய போர்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எனக்கு அது உதவியது. மாற்றிய மறுநாள் எடுத்த வீடியோ, ஜாப் ஷீட், பழைய டிஸ்ப்ளே போர்டை மாட்டி அடுப்பு நன்றாக ஓடும் இன்னொரு வீடியோ, மூன்றையும் இணைத்து எழுதினேன். இழுத்தடித்துவிட்டு, அந்தப் புது போர்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதன் விலையைக் கணக்கில் போட்டுவிட்டார்கள். வந்து போன கட்டணத்துக்கும் எழுதியிருக்கிறேன், அது இன்னும் வரவில்லை.