பாலு மகேந்திராவை எங்களுக்குக் காட்டிய சேர்

ஹட்டனிலிருந்து கொழும்பு போகும் பஸ் கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிக் கித்துல்கலையை நெருங்கும்போது களனி கங்கை தெரியும். 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தை டேவிட் லீன் எடுத்தது அங்கேதான். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த ஒரு பள்ளிச் சிறுவன் அந்தப் படப்பிடிப்பைப் பார்த்தான். லீன் "மழை" என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதாம். தானும் இயக்குநராவது என்று அவன் அங்கேயே தீர்மானித்துவிட்டான். பாலு மகேந்திரா பேட்டிகளில் சொல்லிவந்த இந்தக் கதையை எங்கள் உயர்தர வகுப்புக்குக் கொண்டுவந்தவர் தமிழ் படிப்பித்த சேர்.

புனேயில் ஒளிப்பதிவு கற்றது, மலையாளத்தில் 'நெல்லு', கன்னடத்தில் முதன்முதலாக இயக்கிய 'கோகிலா' (1977) எல்லாம் சேர் வாயால் கேட்டவைதான். படமாகப் பார்த்தது, சேர் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் பாடசாலை மண்டபத்தில் போட்ட 'மூன்றாம் பிறை'. நீலகிரியின் கேத்தி ரயில் நிலையம் வந்ததும் "இது நம்ம வட்டவளை!" என்று ஹட்டன் பக்கத்து ஸ்டேஷனின் பெயரைச் சொல்லிப் பின்வரிசையில் ஒருவன் கத்தினான். என் பெரியம்மா குடும்பம் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி கப்பலேறி நீலகிரிப் பக்கம் போயிருந்தது. கமலையும் ஸ்ரீதேவியையும் விட்டுவிட்டு, பின்னால் தெரிந்த மலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து 'வீடு' (1988). வீட்டுக்குள் நடக்கும் ஒரு காட்சியில் சேர் படத்தை நிறுத்தினார். "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "ஜன்னலைப் பாருங்கள். இவர் சூரியனை வைத்துப் படமெடுக்கிறவர்" என்றார். அன்று மாலை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்பின் முன் குந்தியிருந்தார். கதவு வழியே விழுந்த வெளிச்சம் அவருடைய வலது கன்னத்தில் மட்டும் பட்டது. மறுபக்கம் முழுக்கப் புகையும் இருளும். அம்மாவின் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததேயில்லை.

'வீடு' நடுத்தர வர்க்கத்தின் படம் என்பார்கள். என்னைக் கேட்டால் அது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின், எங்கள் மலையகத்தின் படமும்தான். கடன் வாங்கி, ஒப்பந்தக்காரனிடம் ஏமாந்து, கடைசியில் நிலமே கையைவிட்டுப் போகிற கதாநாயகி சுதாவின் தவிப்பு எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதாக இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும், குடியிருந்த காம்பராவுக்கு ஓர் உறுதித் தாள் இல்லாதவர்கள் நாங்கள். தோட்டத்தில் பெயர் வெட்டினால், அதாவது வேலையிலிருந்து நீக்கினால், கூரையும் போய்விடும். சுதாவின் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய வீட்டைச் சுற்றிப் பார்க்கும் இடத்தில் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் எங்கள் சொந்த அக்காவுக்குக் கிடைத்ததுபோல மகிழ்ந்தோம்.

நான் புலம்பெயர்ந்த பின்னர், சன் தொலைக்காட்சிக்காகப் பாலு மகேந்திரா எடுத்த 'கதை நேரம்' பார்த்தேன். நெடுந்தொடர்கள் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட காலத்தில், தமிழ்ச் சிறுகதைகளை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரே இருப்பில் சொல்லி முடித்தார். சின்னத்திரை என்று அவர் கவனத்தைக் குறைக்கவில்லை. அதே ஜன்னல் வெளிச்சம் அங்கேயும் இருந்தது. 2013இல் 'தலைமுறைகள்' படத்தில் தாத்தாவாகத் தானே நடித்தார். மறு ஆண்டு பெப்ரவரியில் மறைந்தார்.

எங்கள் பாடசாலை மண்டபத்துக்குத் திரையும் ப்ரொஜெக்டரும் வாங்கித் தரலாம் என்று பழைய மாணவர் சங்கத்தில் பேசிவருகிறோம். என் பங்கை இப்போதே தருகிறேன். முதல் படமாக 'வீடு' போடுங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கட்டும்.