குரும்பட்டித் தேர்

மண்முனைப் பாலத்தில் பஸ் ஏறியதும் மகன் மடியிலிருந்த பற்றரிக் காரை என் கையில் தந்துவிட்டு யன்னலோடு ஒட்டிக்கொண்டான். இரண்டு பக்கமும் வாவி. தூரத்தில் தோணியில் நின்றபடி ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை நாங்கள் இந்த இடத்தைப் 'பாதை'யில்தான் கடந்தோம். மட்டக்களப்பில் பாதை என்றால் தெரு மட்டுமில்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் மாடுகளையும் ஏற்றிக்கொண்டு துறைக்குத் துறை போகும் மிதவைக்கும் அதுதான் பெயர். சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, அது படும் வயற்பக்கம் படுவான்கரை. எங்கள் பெரியம்மா வீடு படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட.

முதல் நாள் காலை கொழும்புக் கோட்டையில் உதயதேவி ரயிலில் ஏறி, பின்னேரம் மட்டக்களப்பில் இறங்கி, இரவு டவுனில் தங்கியிருந்தோம். அங்கேதான் அந்தக் காரை வாங்கினேன். ஐந்து வயதுப் பிள்ளை, மூன்று நாள் கிராமத்தில் என்ன செய்வான் என்ற பயம்தான் காரணம்.

பெரியம்மாவின் வளவு முழுக்க மணல். கார் இரண்டடி ஓடியது, சில்லு மணலைக் கிண்டிக்கொண்டு அப்படியே தாழ்ந்தது. தூக்கி வைத்தோம், மறுபடியும் தாழ்ந்தது. அரை மணித்தியாலத்தில் உள்ளே மணல் போய், கரகரவென்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. மகன் அழத் தொடங்கினான். பெரியம்மா அவனைத் தூக்கவுமில்லை, தேற்றவுமில்லை.

"இஞ்ச வா மனே, மரத்தடியில குரும்பட்டி கிடக்கும், பொறுக்கிட்டு வருவம்" என்றா.

ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தென்னை மரத்தடியில் உதிர்ந்த குரும்பட்டிகளுக்கு, அதாவது தேங்காய்ப் பிஞ்சுகளுக்கு, குறைவில்லை. பெரிதாக ஒன்று, ஒரே அளவில் சின்னதாக நான்கு, இன்னும் சின்னதாக ஒன்று என்று ஆறு பொறுக்கச் சொன்னா. ஒரே அளவில் நான்கு எடுப்பது ஐந்து வயதுக்கு லேசான வேலை இல்லை. ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்த்து, வீசி, திரும்ப எடுத்து, அதிலேயே அழுகை மறந்துபோனது.

பச்சை ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுத்தா. அடிப்பக்கத்து மொத்த ஈர்க்கில் இரண்டு துண்டு அச்சுக்கு. பெரிய குரும்பட்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஆணியால் குறுக்காகத் துளை போட்டு, ஈர்க்கை விட்டு, நாலைந்து தரம் முறுக்கி இழுத்துத் துளையை இளக்கினா. பிறகு இரண்டு நுனியிலும் சின்னக் குரும்பட்டிகளை இறுக்கிக் குத்தினா. "சில்லு இறுக்கமா இருக்கணும், நடுவுல இளக்கமா இருக்கணும். ரெண்டும் இறுகினா வண்டி இழுபடும், உருளாது." இயந்திரவியல் படித்த என் கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அச்சுதான் சுழலவேண்டும், சில்லு அதோடு சேர்ந்து சுழலும்.

கூர் வெளியே நீட்டாமல் ஈர்க்கு நுனிகள் சில்லுக்குள்ளேயே அடங்கிவிட்டன. குத்துவதும் வெட்டுவதும் பெரியவர் கையால்தான் என்பதில் பெரியம்மா கண்டிப்பு. ஈர்க்கு கண்ணில் படக்கூடிய சாமான். மகனுக்குக் கிடைத்த வேலை மேல்பகுதி. நான்கு மெல்லிய ஈர்க்குகளைப் பெரிய குரும்பட்டியின் முதுகில் பெரியம்மா நட்டுத் தர, அவன் நுனிகளை வளைத்து ஒன்றுசேர்த்து, அந்த மிகச் சின்னக் குரும்பட்டியைக் கலசமாகச் செருகினான். இரண்டு தரம் சரிந்தது, மூன்றாம் தரம் நின்றது. செவ்வரத்தம்பூ ஒன்றைத் தொங்கவிட்டு, வாழைநாரில் வடம் கட்டியதும் அது தேர்.

அயல்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் எங்கிருந்தோ வந்து வடம் பிடித்துவிட்டார்கள். "அரோகரா!" என்று ஒரு குரல். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேசத்துக் கோயில்களில், அதாவது ஊருக்கு மட்டுமில்லாமல் மட்டக்களப்புப் பகுதிக்கே பொதுவான கோயில்களில், ஒன்று. அந்தத் தேரோட்டத்தைத் தகப்பனின் தோளில் இருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எப்படி இழுப்பது, எங்கே நிறுத்துவது, யார் முன்னுக்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மணலில் தேர் உருண்டது. கார் தாழ்ந்த அதே மணல்.

அடுத்த நாள் காலை பூவரசம் இலை. மகனைவிட இரண்டு வயது மூத்த ஒரு பிள்ளைதான் ஆசிரியை. முற்றிப்போகாத இலையை ஓரத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு நுனியை விரலால் நசுக்கித் தட்டையாக்கி வாயில் வைத்து ஊதினால் பீப்பீ. சின்ன இலையில் கீச்சென்று, பெரிய இலையில் தடித்த குரல். எனக்கு வெறும் காற்றுத்தான் வந்தது. "அக்கா, நுனிய நல்லா நசுக்குங்க" என்று என் கையிலிருந்து வாங்கித் திருத்தித் தந்தாள்.

எனக்கு அதிகம் பிடித்தது சிரட்டைக் கால். சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, மேலே ஏறி நின்று, கயிற்றைக் கையில் பிடித்து நடப்பது. கயிற்றைக் கோர்க்க துளையிடும் கருவி வேண்டாம். தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, அதைக் குத்தினாலே திறந்துவிடும். ஆனால் உடைத்த தேங்காயில் ஒரு பாதிக்குத்தான் கண் இருக்கும், ஆகவே ஒரு சோடிக் காலுக்கு இரண்டு தேங்காய் வேண்டும். பகலைக்குப் பாற்சோறு போட்டதே இந்தச் சிரட்டைகளுக்காகத்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கயிற்றை உள்ளுக்குள் முடிச்சுப் போட்டு, விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கித் தந்தா பெரியம்மா. டக், டக் என்று திண்ணையைச் சுற்றிச் சுற்றி அவன் நடந்தான்.

வேலியோரம் படர்ந்த குன்றிமணியைப் பறித்து வந்தபோது மட்டும் பெரியம்மா உடனே வாங்கி எறிந்தா. சிவப்பும் கறுப்புமாக எவ்வளவு அழகு! ஆனால் அந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளை உள்ள வீடுகளில் அதை விளையாடக் கொடுக்கவே கூடாது.

இரவு திண்ணையில் பெரியம்மா அந்தக் காரைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தா. "யுத்தம் நடந்த பிரச்சின காலத்துல பற்றரி இந்தக் கரைக்கு வரவிட மாட்டாங்க மனே. ரேடியோ கேக்கவே வழியில்ல. உன்ர அண்ணன்மாரெல்லாம் குரும்பட்டியிலயும் செருப்புச் சில்லுலயும்தான் வளந்தவங்க." காரைக் கவனமாகத் துடைத்து என் பையில் வைத்தா.

மூன்றாம் நாள் புறப்படும்போது தேர் வாடிச் சுருங்கியிருந்தது. செவ்வரத்தம்பூ எப்போதோ உதிர்ந்துவிட்டது. குப்பையோடு அள்ளப் போனேன். "எறியாதீங்கம்மா, பின் சில்லு ரெண்டும்தான் இளகிட்டுது" என்று தடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கத்தக் கத்த, மகன் தென்னை மரத்தடியில் குந்தி, கைக்கொன்றாக இரண்டு குரும்பட்டிகளை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.