ரீஸ்டார்ட் ஆகிட்டே இருந்த வீட்டு பிசி, கடைசில எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை பெட்டி) வந்து நின்னுச்சு

ஒரு மாசமாவே அறிகுறி இருந்துச்சு. காலைல ஆன் பண்ணா ரெண்டு தடவை அதுவா ஆஃப் ஆகி மூணாவது தடவைதான் பூட் ஆகும், அப்புறம் நாள் பூரா ஒழுங்கா ஓடும், அதனால யாரும் கண்டுக்கல. போன சனிக்கிழமை சுத்தமா நின்னுடுச்சு. ஃபேன் மூணு செகண்ட் சுத்தும், நிக்கும், மறுபடி சுத்தும். மானிட்டர்ல நோ சிக்னல். பீப் சத்தம் கூட இல்ல.

2013ல அப்பா வாங்கித் தந்த அசெம்பிள்டு சிஸ்டம் இது. ஐ3 3220 பிராசசர், ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ரெண்டு. பழைய குடும்ப போட்டோ எல்லாத்தையும் அவரே உட்கார்ந்து ஸ்கேன் பண்ணி இதுலதான் போட்டு வச்சாரு. கடைல காட்டினப்ப கேபினெட்டைக் கூட திறக்காம போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்கன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல, வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டேன்.

முதல் நாள் எல்லாரும் பண்றதுதான். ரேமோட தங்கக் கலர் பல்லை அழி ரப்பர் வச்சு தேய்ச்சு, ஒவ்வொண்ணா ஒவ்வொரு ஸ்லாட்லயும் மாத்திப் பார்த்தேன். போர்டுல செட்டிங்கையும் நேரத்தையும் மறக்காம வைக்கிற சிமாஸ் பேட்டரி (பட்டன் செல்) 3 வோல்ட் இருக்கணும், 2.6தான் காட்டுச்சு, மாத்தினேன், ஆனா கோளாறு அது இல்ல. முன்னாடி இருக்குற ரீசெட் பட்டன் அமுங்கிட்டே இருந்தாலும் இப்படித்தான் ஆகும்னு அந்த ஒயரையெல்லாம் உருவிட்டு பவர் பின் ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவரால தொட்டு ஆன் பண்ணேன். அதே கதை. போர்டை வெளிய எடுத்து அட்டை மேல வச்சு பிராசசர், ஒரே ஒரு ரேம் மட்டும் வச்சும் பார்த்தாச்சு. பிராசசர் சூட்டைத் தணிக்கிற ஹீட்சிங்க்கும் நாலு பக்கமும் இறுக்கமாத்தான் இருந்துச்சு.

அடுத்து எஸ்எம்பிஎஸ், வீட்டுக் கரண்டை 12, 5, 3.3 வோல்ட்டா மாத்தி போர்டுக்குக் கொடுக்குற பெட்டி. 24 பின் கனெக்டர்ல பச்சை ஒயரையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால இணைச்சா அது தனியாவே ஓடும். மீட்டர்ல மஞ்சள் ஒயர் 12.1, சிவப்பு 5.05, ஆரஞ்சு 3.32 வோல்ட். எல்லாமே சரியா இருக்கவும் எஸ்எம்பிஎஸ் நல்லாருக்குன்னு ஒதுக்கி வச்சுட்டேன், ஒரு நாள் வீணா போனது இங்கதான். ராத்திரி படுத்துட்டு யோசிக்கும்போதுதான் தோணுச்சு, நாம லோடே இல்லாம, அதாவது கரண்டை இழுக்க போர்டு எதுவும் மாட்டாம அளந்திருக்கோம்னு.

மறுநாள் போர்டோட இணைச்சே, கனெக்டர் பின்பக்கமா ப்ரோபை சொருகி, மீட்டரை மினிமம் மோடுல (எவ்வளவு கீழ இறங்குச்சுன்னு பிடிச்சு வைக்கும்) வச்சு ஆன் பண்ணேன். மஞ்சள் 10.7 வரைக்கும் இறங்குச்சு! அஞ்சு சதவீதம்தான் தாங்கும், அதாவது 11.4க்கு கீழ போகக்கூடாது. சாம்பல் ஒயர்தான் பவர் குட், வோல்டேஜ் நிலையா இருக்குன்னு போர்டுக்கு சொல்றது அது. அந்த சிக்னல் விழுந்தா போர்டு ரீசெட் ஆகிடும், திரும்ப ஆன் ஆகப் பார்க்கும், திரும்ப விழும். ஃபிரெண்டு வீட்டு எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்டேன், ஒரே தடவைல பூட் ஆச்சு, வால்பேப்பர்ல அப்பா போட்டோ வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பழசைத் திறந்து பார்த்தா 12 வோல்ட் லைன்ல, வோல்டேஜைச் சீரா வைக்கிற கெபாசிட்டர் ரெண்டு தலை உப்பி, ஒண்ணுல பழுப்பா கசிஞ்சிருக்கு. உள்ள இருக்குற திரவம் வத்திப்போனா அதோட உள் தடை ஏறிடும், குளிர்ந்து இருக்கும்போது இன்னும் அதிகம், காலைல மட்டும் மக்கர் பண்ணது அதனாலதான்.

ஒண்ணு முக்கியம், நீங்க திறக்கறதா இருந்தா கரண்டைப் பிடுங்கின உடனே கை வைக்காதீங்க. பெரிய கெபாசிட்டர்ல 320 வோல்ட்டுக்கு மேல நிக்கும். நான் ஒரு ராத்திரி விட்டு, மீட்டர்ல ஜீரோன்னு பார்த்த பிறகுதான் தொட்டேன்.

சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட் போய் அதே 2200 மைக்ரோஃபாரட் 16 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை கம்மியான) ரகம்னு கேட்டு வாங்கினேன். வெள்ளைக் கோடு இருக்குற கால் மைனஸ், அதை மட்டும் மூணு தடவை சரிபார்த்து சால்டர் வச்சேன்.

இன்னையோட அஞ்சு நாள் ஆச்சு, காலைல முதல் அமுக்குலயே வருது, மஞ்சள் 11.8க்கு கீழ இறங்கல. 5 வோல்ட் லைன்ல இருக்குறதும் அதே வயசு கெபாசிட்டர்தான், அதை வர்ற ஞாயித்துக்கிழமை மாத்தணும். போட்டோ எல்லாம் இப்ப வெளி ஹார்டு டிஸ்க்ல காப்பி ஆகிட்டிருக்கு, பாதி முடிஞ்சிருச்சு.