இறக்கத்தில்தான் கால் போகும்

மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடப் பழகுகிறவர்கள் ஏற்றத்தை நினைத்தே பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் நடந்துவிடலாம், முன்னணி வீரர்களே செங்குத்தான இடங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள். காலைப் பதம் பார்ப்பது இறக்கம். பிரான்ஸின் ஷாமொனியில் தொடங்கி மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் யுடிஎம்பி பந்தயத்தில் சுமார் 170 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 10,000 மீட்டர் ஏறவேண்டும். கிளம்பிய ஊரிலேயே முடிவதால் அத்தனையையும் இறங்கியும் ஆகவேண்டும்.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அப்போதுதான் தசை இழைகள் சேதமாகின்றன. வலி ஓரிரு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். எட்டி அடி வைக்காமல், குறுகிய அடிகளாக, சடசடவென்று வையுங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். பார்வை நாலைந்து மீட்டர் முன்னால்.

அடுத்தது நகம். அது கருத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஷூவுக்குள் பாதம் முன்னால் சறுக்குவது. விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கணுக்கால் அருகே கூடுதலாக இருக்கும் கடைசி ஓட்டையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. லேஸை அதே பக்கத்து ஓட்டைக்குள் விட்டு, இரு பக்கமும் சிறு வளையம் ஆக்குங்கள். எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து, முடிச்சிடுங்கள். குதிகால் அசையாது. விரல் பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். மணிக்கணக்கில் ஓடினால் பாதம் வீங்கும்.