ஜாவாஸ்கிரிப்ட் "அவுட்புட் என்ன?" கேள்விகள்: ஒப்பீட்டில் மார்க் போகும் இடங்கள்

செமஸ்டர் தேர்வானாலும் கேம்பஸ் இன்டர்வியூ ஆனாலும் ஒப்பீட்டுக் கேள்வி ஒன்றாவது வரும். அதற்காக, சமமா என்று பார்க்கும் == குறியின் அட்டவணையை உருப்போடுவது வீண். கேள்வியைப் பார்த்ததும் இரு பக்கமும் என்ன டைப் (எண்ணா, மேற்கோளுக்குள் வரும் ஸ்ட்ரிங்கா, வேறா) என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நிறையப் பேர் சறுக்குவது '10' < '9' என்பதில். விடை ட்ரூ. இரண்டுமே ஸ்ட்ரிங் என்றால் எண்ணாக மாற்றும் பேச்சே இல்லை, அகராதி வரிசை மாதிரி எழுத்தெழுத்தாகப் பார்க்கும். '1'-இன் யூனிகோட் எண் 49, '9'-க்கு 57. முதல் எழுத்திலேயே தீர்ந்தது, பின்னாலுள்ள சுழியை எட்டிக்கூடப் பார்க்காது. '10' < 9 என்று ஒரு பக்க மேற்கோளை எடுத்துவிட்டால் எண் ஒப்பீடு, விடை ஃபால்ஸ். இன்புட் பெட்டியின் வேல்யூ எப்போதும் ஸ்ட்ரிங்தான் என்பதால், லேபில் வயதை ஒப்பிடும் புரோகிராம் இங்கேதான் சொதப்பும். [10, 9, 1] பட்டியலை வெறும் சார்ட் செய்தால் (வரிசைப்படுத்தினால்) 1, 10, 9 என்று வருவதும் இதனால்தான். டைப்பும் ஒன்றா என்று கண்டிப்பாகப் பார்க்கும் === போட்டால் எல்லாம் சரி என்பார்கள்; < குறிக்கு அப்படியொரு கண்டிப்பான வடிவமே கிடையாது. முதலில் நம்பர் ஃபங்ஷனில் போட்டு மாற்றுங்கள்.

அடுத்த பொறி நல் (null), அதாவது "மதிப்பு எதுவும் இல்லை" என்பதைக் குறிக்கும் சொல். நல் == 0 ஃபால்ஸ், நல் > 0 ஃபால்ஸ், ஆனால் நல் >= 0 ட்ரூ! >= குறி "பெரியதா, சமமா" என்று தனித்தனியாகக் கேட்பதில்லை; "சிறியது இல்லையே?" என்றுதான் பார்க்கும். அப்போது நல் 0 ஆகிவிடும். == அப்படி மாற்றாது; அதன் கணக்கில் நல்லுக்குச் சமம் இன்னொரு நல் அல்லது அன்டிஃபைன்ட் (மதிப்பு இன்னும் தரப்படாதது), அவ்வளவுதான்.

3 > 2 > 1 வந்தால் இடமிருந்து வலமாகப் போங்கள்: 3 > 2 ட்ரூ, ட்ரூ எண்ணானால் 1, 1 > 1 ஃபால்ஸ். [] == ![] கேட்டாலும் படிப்படியாகத்தான். [] என்பது காலி அரே (பட்டியல்), ! குறி ட்ரூவை ஃபால்ஸாகத் திருப்பும். காலி அரே ட்ரூ வகை, எனவே ![] ஃபால்ஸ், அது எண்ணானால் 0. இடப்பக்க அரே காலி ஸ்ட்ரிங்காகி, பிறகு 0. விடை ட்ரூ. நிஜ வேலையில் இப்படி யாரும் எழுதுவதில்லை, கேட்பவர்களுக்கு அதில் ஒரு குஷி.

0.1 + 0.2 === 0.3 ஃபால்ஸ். இங்கே டைப் மேல் பழி போடாதீர்கள். பைனரியில் 0.1 துல்லியமாக அடங்காது, கூட்டினால் 0.30000000000000004. பணக் கணக்கை ரூபாயில் வைக்காமல் பைசாவாக, முழு எண்ணில் வையுங்கள்.